கேட்பாரற்ற இன்டரப்ட்: யுனிக்ஸ் சர்வரில் வரும் எதிர்பாராத வன்பொருள் எச்சரிக்கையை ஆராயும் முழுமையான வழிகாட்டி

சர்வரின் திரையில் ‘ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்’ என்றோ ‘ஸ்ட்ரே ஐஆர்க்யூ 7’ என்றோ ஒரு வரி வந்து நின்றால் என்ன செய்ய வேண்டும், அதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். இன்டரப்ட் என்பது ‘என்னைக் கவனி’ என்று ஒரு வன்பொருள் சாதனம் செயலிக்குக் கொடுக்கும் அழைப்பு; ஐஆர்க்யூ என்பது அந்த அழைப்பு வரும் கம்பியின் எண். சாதனத்தை இயக்கும் மென்பொருளான ட்ரைவர் எதுவும் அந்த அழைப்பை ஏற்காதபோது இப்படி ஒரு வரி வருகிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் கடைகளிலும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் ஓடும் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். என்னிடம் பயிற்சிக்கு வரும் பாலிடெக்னிக் மாணவர்கள் இந்த வரியைக் கண்டதும் முதலில் செய்வது, சர்வரை அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதான். பாதித் தடயம் அதிலேயே போய்விடுகிறது.

கட்டளைகளையும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் தரும் செய்திகளையும் நாங்கள் ஃபோனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரூட் அனுமதி வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதைவிட முக்கியமானது, சர்வருக்குள் நுழைய இரண்டாவது வழி. இன்டரப்ட் கம்பி ஒன்றை கெர்னல் துண்டிக்கும்போது அதே கம்பியில் நெட்வொர்க் கார்டும் இருந்தால் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு தொங்கிப் போகும். ஆகவே மானிட்டரும் விசைப்பலகையும் நேரடியாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உதவும் ஐபிஎம்ஐ வழியாகத் திரையைப் பார்க்க முடிய வேண்டும். யூஎஸ்பி விசைப்பலகையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சந்தேகத்துக்குரிய கம்பியில் யூஎஸ்பி கன்ட்ரோலரே இருப்பது மிகச் சாதாரணம்.

அடுத்தது, கடைசியாக என்ன மாறியது என்ற விவரம். புதிய கார்டு, புதிய கெர்னல், பயாஸ் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) மாற்றம், இடம் மாற்றம், புதிய யூபிஎஸ் என எதுவாக இருந்தாலும் தேதியோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உரிமையாளர் ‘ஒன்றும் மாற்றவில்லை’ என்றே சொல்வார். கணக்குப்பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள்.

பேக்கப் எடுத்திருக்கிறார்களா என்பதைவிட, அந்த பேக்கப் திறக்கிறதா என்பதைப் பாருங்கள். கம்பியில் இருப்பது வட்டுக் கன்ட்ரோலராக இருந்தால், அடுத்த அரை மணி நேரத்தில் அது தேவைப்படலாம்.

2. அணைக்காமல் முதலில் பதிவுகளை வெளியே எடுங்கள்

கெர்னல் செய்திகள் முதலில் நினைவகத்திலுள்ள ஒரு வளையத்தில்தான் விழுகின்றன. வளையம் நிறைந்தால் பழைய செய்தி அழிகிறது. மின்சாரம் போனால் எல்லாமே அழிகிறது. சிஸ்டம்டி உள்ள லினக்ஸிலும், வார்-லாக் அடைவுக்குள் ஜர்னல் என்ற அடைவு இல்லாவிட்டால் பதிவுகள் பெரும்பாலும் நினைவகத்திலேயே நின்றுவிடும். மறுதொடக்கத்துக்குப் பிறகு ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய பூட்டைக் கேட்டால் ஒன்றும் வராது.

எனவே கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் வெளியீடு முழுவதையும், எந்த இன்டரப்ட் எத்தனை முறை வந்தது என்று சொல்லும் ப்ராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பின் நகலையும், பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளைக்கு வி என்ற விருப்பத்தை இருமுறை கொடுத்து வரும் விரிவான பட்டியலையும் எடுத்துச் சேமியுங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையை ரூட்டாக ஓட்டுங்கள்; சாதாரணப் பயனராக ஓட்டினால் சாதனத்தின் திறன் விவரங்கள் மறைக்கப்பட்டுவிடும், பிறகு அந்த வரி ஏன் இல்லை என்று வீணாகத் தேடுவீர்கள்.

சேமிக்கும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். துண்டிக்கப்பட்ட கம்பியில் யூஎஸ்பி இருந்தால் பென் டிரைவில் எழுதுவது நத்தை வேகத்தில் நடக்கும். நெட்வொர்க் நன்றாக இருந்தால் வேறு கணினிக்கு அனுப்புங்கள். இரண்டும் தடுமாறினால், திரையைக் கைபேசியில் படம் எடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

3. செய்தி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பிரியுங்கள்

இன்டரப்ட் எச்சரிக்கை என்று ஒரே பெயரில் நாம் சொல்லும் செய்திகளின் காரணங்கள் வெவ்வேறு. இதைப் பிரிக்காமல் மருந்து கொடுப்பதுதான் நான் காணும் இரண்டாவது பெரிய பிழை.

‘ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்’, அதன் கீழே ‘ஹேண்ட்லர்ஸ்’ என்ற பட்டியல், கடைசியில் ‘டிஸேபிளிங் ஐஆர்க்யூ 16’: இது லினக்ஸ். இதுதான் தீவிரமானது, அடுத்த மூன்று பகுதிகளும் பெரும்பாலும் இதைப் பற்றியே.

‘ஸ்ட்ரே ஐஆர்க்யூ 7’ என்பது ஃப்ரீபிஎஸ்டி. ஒரு கம்பிக்கு ஐந்து முறை எழுதிவிட்டு, இனி எழுத மாட்டேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அது நின்றதால் கோளாறும் நின்றுவிட்டது என்று எண்ணக்கூடாது. லினக்ஸில் இதற்கு இணையானது ‘ஸ்பூரியஸ் 8259ஏ இன்டரப்ட்’. பழைய 8259 இன்டரப்ட் கன்ட்ரோலர், கோரிக்கை வந்ததை உணர்ந்து செயலியிடம் சொல்வதற்குள் அந்தக் கோரிக்கை மறைந்துவிட்டால், தன்னிடம் உள்ள கடைசி எண்ணான 7-ஐக் கொடுத்துவிடும். இரண்டாவது கன்ட்ரோலராக இருந்தால் 15-ஐக் கொடுக்கும். ஆகவே 7 என்று கண்டதும் பாரலல் போர்ட்டைக் குற்றம் சாட்டக்கூடாது. பூட் ஆகும்போது ஒன்றிரண்டு வந்தால் விட்டுவிடலாம்.

‘இன்டரப்ட் ஸ்டார்ம் டிடெக்டட்’ என்பதும் ஃப்ரீபிஎஸ்டிதான். ஒரு மூலத்திலிருந்து கணக்கில்லாமல் இன்டரப்ட் வருவதால் அதை மட்டுப்படுத்துகிறேன் என்று பொருள். இதை அடக்க ஹெச்டபிள்யூ-இன்டர்-ஸ்டார்ம்-த்ரெஷோல்ட் என்ற அளவை உயர்த்துவது காய்ச்சல் கருவியை உடைப்பது போன்றது.

‘நோ ஐஆர்க்யூ ஹேண்ட்லர் ஃபார் வெக்டர்’ என்ற வரியின் முன் 2.55 போன்ற ஓர் எண் இருக்கும். புள்ளிக்கு முன் இருப்பது செயலியின் எண், பின் இருப்பது வெக்டர், அதாவது செயலி ஓர் இன்டரப்ட்டை அடையாளம் காணும் எண். செயலிகளுக்கிடையே இன்டரப்ட் இடம் மாறும் நேரத்திலும், கோர் ஒன்றை நிறுத்தி எழுப்பும்போதும், பயாஸ் சரியில்லாதபோதும் இது வரும்.

‘என்எம்ஐ ரிசீவ்ட் ஃபார் அன்னோன் ரீஸன்’ (என்எம்ஐ என்பது தடுக்க முடியாத இன்டரப்ட்) வந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு, ஐபிஎம்ஐ நிகழ்வுப் பதிவையும் நினைவகப் பிழைப் பதிவையும் பாருங்கள். அது கம்பிப் பங்கீட்டுச் சிக்கல் அல்ல. ராம் அல்லது போர்டு பக்கம் தேட வேண்டிய விஷயம்.

4. எண்ணிப் பாருங்கள்

லினக்ஸ் கெர்னல் ஒரு கம்பியை எப்போது துண்டிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி வேலை எளிது. ஒரு கம்பியில் 1,00,000 இன்டரப்ட் வந்ததும் கெர்னல் திரும்பிப் பார்க்கிறது. அவற்றில் 99,900-க்கு மேல் எந்த ட்ரைவரும் ‘என்னுடையது’ என்று ஏற்காமல் போயிருந்தால் அந்தக் கம்பியை வெட்டிவிடுகிறது. கேட்பாரற்ற இன்டரப்ட்டுகளுக்கிடையே பத்தில் ஒரு வினாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. எப்போதோ ஒன்று என்று வருவதற்காக இந்தச் செய்தி வராது. வந்திருக்கிறது என்றால், யாரோ பொத்தானை அழுத்தி விரலை எடுக்காமல் நின்றிருக்கிறார்கள்.

வெட்டிய பிறகும் அந்தக் கம்பியில் உள்ள சாதனங்கள் அடியோடு நிற்பதில்லை. கெர்னல் வினாடிக்குப் பத்து முறை தானே போய் விசாரிக்கிறது. அதனால்தான் நெட்வொர்க் இருக்கிறது ஆனால் ஊர்கிறது, விசைப்பலகை வேலை செய்கிறது ஆனால் எழுத்து தாமதமாக விழுகிறது என்ற குழப்பமான புகார் வருகிறது. பில்லிங் மென்பொருளைத் திட்டித் தீர்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கம்பி இன்னும் வெட்டப்படாத நிலையில் ப்ராக்-இன்டரப்ட்ஸ் கோப்பைப் பத்து வினாடி இடைவெளியில் இருமுறை நகலெடுத்து, ஒவ்வொரு வரிக்கும் வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். ஒரு நகல் போதாது. பூட் ஆனதிலிருந்து சேர்ந்த மொத்தம் அதில் இருக்கிறதே தவிர, இப்போது என்ன நடக்கிறது என்பது இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் விஎம்ஸ்டாட் கட்டளையின் ஐ விருப்பம் ‘ரேட்’ என்று ஒரு பத்தி காட்டும்; புதியவர்கள் அதைத் தற்போதைய வேகம் என்று வாசித்துவிடுகிறார்கள். அது பூட் ஆனதிலிருந்தான சராசரி. நாற்பது நாளாக ஓடும் சர்வரில் இன்று காலை தொடங்கிய புயல் அந்தச் சராசரியில் கரைந்து போயிருக்கும்.

எல்ஓசி என்ற வரியில் கோடிக்கணக்கில் எண் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது ஒவ்வொரு கோரின் சொந்தக் கடிகாரம். கடைசியில் வரும் இஆர்ஆர் வரியைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ப்ராக் அடைவில் ஐஆர்க்யூ, அதற்குள் அந்த எண், அதற்குள் ஸ்பூரியஸ் என்ற கோப்பு: கேட்பாரற்றவை எத்தனை என்பது அதில் தனியாகவே இருக்கும்.

5. கம்பியில் யார் யார் இருக்கிறார்கள்

இந்த வேலையின் இதயம் இதுதான், அவசரப்படாதீர்கள்.

பழைய பாணி பிசிஐ இன்டரப்ட் கம்பி பொதுச்சொத்து. எங்கள் ஊர் வீடுகளில் வளவைச் சுற்றிப் பங்காளிகள் ஆளுக்கோர் அறை வைத்திருக்க, முகப்பில் எல்லோருக்குமாக ஒரே அழைப்பு மணி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் ஒவ்வோர் அறையிலிருந்தும் ஒருவர் எட்டிப் பார்த்து, ‘எனக்கு இல்லை’ என்று சொல்லி உள்ளே போவார். வந்தவரின் உறவினர் ஊரில் இல்லாமல் அறை பூட்டிக் கிடந்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் ஆச்சி எழுந்து வந்து மணியின் ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவார். அதற்குப் பிறகு யாருக்கும் மணி கிடையாது.

எச்சரிக்கையின் கீழ் ‘ஹேண்ட்லர்ஸ்’ என்று வரும் பட்டியல், எட்டிப் பார்த்தவர்களின் பட்டியல். பூட்டிய அறையின் பெயர் அதில் இருக்காது. காரைக்குடியில் ஒரு துணிக்கடையின் சர்வரில் இந்தச் செய்தி வந்தபோது பட்டியலில் யூஎஸ்பி ட்ரைவரின் பெயர் மட்டும் இருந்தது. என்னுடன் வந்த மாணவர் இரண்டு மணி நேரம் பென் டிரைவ், மவுஸ், பார்கோடு ஸ்கேனர் என ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். “அண்ணே, யூஎஸ்பிதான் போச்சு, அதோட பேருதானே போட்டிருக்கு?” என்றார். “தம்பி, பேரு போட்டிருக்கிறவன் ஆஜர் சொன்னவன். ஆஜர் சொல்லாதவனைத் தேடு” என்றேன்.

தேடும் முறை இது. எல்எஸ்பிசிஐ பட்டியலில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ‘பின் ஏ ரூட்டட் டு ஐஆர்க்யூ 16’ என்பது போல ஒரு வரி இருக்கும். 16 என்று வருகிற சாதனங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். அவற்றில் ‘கெர்னல் ட்ரைவர் இன் யூஸ்’ என்ற வரி இல்லாதது எது என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே பூட்டிய அறை. அதற்கு மேலும் உறுதி வேண்டுமானால் ‘ஸ்டேட்டஸ்’ வரியின் கடைசியில் ஐஎன்டிஎக்ஸ் என்ற சொல்லுக்குப் பின் கூட்டல் குறி இருக்கிறதா, ‘கன்ட்ரோல்’ வரியில் டிஸ்-ஐஎன்டிஎக்ஸ் என்பதற்குப் பின் கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது, சாதனம் இந்த நொடியில் மணியை அழுத்திக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, அதை யாரும் தடுக்கவில்லை என்பதைச் சொல்கிறது. மிகப் பழைய கார்டுகளில் இந்த வசதியே இருக்காது. அங்கே கார்டைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

துணிக்கடையில் அது எட்டு போர்ட் கொண்ட ஒரு சீரியல் கார்டு. கெர்னலைப் புதுப்பித்தபோது அதன் ட்ரைவர் ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தது. மோட்ப்ரோப் கட்டளையால் ட்ரைவரை ஏற்றியதும் வெட்டப்பட்ட கம்பி தானாக உயிர் பெற்றது. வெட்டப்பட்ட பொதுக் கம்பியில் புதிய ட்ரைவர் ஒன்று வந்து சேர்ந்தால் கெர்னல் அதற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறது, மறுதொடக்கமே தேவைப்படவில்லை.

6. மென்பொருள் பக்கம்: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

கழற்ற முடியாத சாதனம், ட்ரைவர் இருந்தும் ஏற்க மறுக்கிறது என்றால், முதலில் அந்தச் சாதனம் எம்எஸ்ஐ முறையைப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். எம்எஸ்ஐ-யில் கம்பி கிடையாது. சாதனம் நினைவக முகவரி ஒன்றில் எழுதுவதன் மூலம் தகவல் சொல்கிறது, எனவே பங்காளிச் சண்டையும் இல்லை. எல்எஸ்பிசிஐ பட்டியலில் ‘எம்எஸ்ஐ: எனேபிள்’ என்பதற்குப் பின் கழித்தல் குறி இருந்தால், யாரோ ஒருகாலத்தில் பூட் வரியில் ‘பிசிஐ ஈக்வல் நோ-எம்எஸ்ஐ’ என்று எழுதி மறந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இரண்டு சர்வர்களில் இதைக் கண்டிருக்கிறேன். ஒன்றில் எழுதியது நானே.

‘ஐஆர்க்யூ-போல்’ விருப்பத்தை எச்சரிக்கையே பரிந்துரைக்கிறது. அது சோதனைக்கு மட்டும். அதைக் கொடுத்தால் கேட்பாரற்ற இன்டரப்ட் வரும்போதும், ஒவ்வொரு கடிகார இன்டரப்ட்டின்போதும் கெர்னல் எல்லா ட்ரைவர்களின் கதவையும் தட்டுகிறது. அதனால் கோளாறு மறைந்தால், எண் மாறிப் போயிருக்கிறது, அதாவது பயாஸின் ரூட்டிங் அட்டவணை தவறு என்று ஒரு தகவல் கிடைக்கிறது. பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அதை நிரந்தரமாக வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போவது முறையல்ல.

இத்தகைய விருப்பங்களை, அவை நிரந்தரமாக நிற்கும் க்ரப் கோப்பில் எழுதாமல், பூட் மெனுவில் அந்த ஒரு தடவைக்கு மட்டும் தட்டச்சு செய்யுங்கள். தவறாகப் போனால் அடுத்த பூட்டில் பழைய நிலை திரும்பிவிடும்.

வெக்டர் எச்சரிக்கைக்கு, இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூ-பேலன்ஸ் சேவையை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். செய்தி நின்றால் காரணம் இடமாற்றத்தில் இருக்கிறது, நிற்காவிட்டால் பயாஸ்.

7. கழற்றிப் பார்த்தல்

இங்கேதான் முதல் முறையாகச் சர்வரை முழுவதுமாக அணைக்கிறோம். மின் கம்பியைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை வெளியேற்றிக்கொண்டு பெட்டியைத் திறங்கள். எல்லாக் கார்டுகளையும் ஒரே மூச்சில் கழற்றித் துடைத்து மாட்டினால் கோளாறு போகலாம், ஆனால் எது காரணம் என்பது ஒருபோதும் தெரியாது. நான்கு கார்டு இருந்தால் இரண்டைக் கழற்றி ஓட்டுங்கள். எந்தப் பாதி உள்ளே இருக்கும்போது கோளாறு வருகிறதோ அந்தப் பாதியை மறுபடி பிரியுங்கள். பயன்படுத்தாத பாரலல், சீரியல் போர்ட்களை பயாஸில் அணையுங்கள்.

8. மண்ணும் மின்சாரமும்

மென்பொருளும் கார்டும் சரியாக இருந்து, எச்சரிக்கை பகலில் வந்து இரவில் நின்றால், எர்த்தைப் பாருங்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்டு எப்போதோ வெட்டிய எர்த் குழியில் சித்திரை மாதம் தண்ணீர் ஊற்ற யாருக்கும் நினைவிருப்பதில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் அளவெடுங்கள். ஏசி, மிக்ஸி எல்லாம் ஓடும் நேரத்தில் இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டி நின்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்; நீங்களே தொடாதீர்கள்.

பழைய வீட்டின் முன்கட்டில் நடக்கும் ஒரு நகைக்கடையில் ‘டூ மச் வொர்க் ஃபார் ஐஆர்க்யூ 4’ என்ற செய்தி வந்துகொண்டிருந்தது. பழைய லினக்ஸ் கெர்னலில் சீரியல் ட்ரைவர் சொல்லும் செய்தி அது. இன்டரப்ட் ஏற்கப்படுகிறது, ஆனால் ஓயவில்லை என்று பொருள். சீரியல் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். பட்டாலையின் தேக்குத் தூணைச் சுற்றி, மின்விசிறியின் ஒயரோடு சேர்த்துக் கட்டப்பட்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணையின் ஓரமாக ஓடி, ஒரு மேசைக்கடியில் வெற்று முனையாகக் கிடந்தது. எடைத் தராசை யூஎஸ்பி தராசாக மாற்றிய அன்று கேபிளின் அந்த முனையை மட்டும் பிடுங்கியிருக்கிறார்கள். இருபது மீட்டருக்குக் குறையாத வெற்றுக் கேபிள் ஆன்டெனாவாக நின்று, விசிறியின் இரைச்சலையெல்லாம் எழுத்தாகச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சர்வர் பக்கத்து முனையைக் கழற்றியதும் எண்ணிக்கை அதே இடத்தில் நின்றது. பயன்படாத கேபிளை இரு முனையிலும் கழற்றுங்கள்.

9. சரியானதா என்று உறுதி செய்தல்

எச்சரிக்கை வரவில்லை என்பது சான்று அல்ல. முதலில் எந்தச் சுமையில் வந்ததோ அதே சுமையைக் கொடுங்கள்: இரவு பேக்கப்பைப் பகலில் ஓட்டுங்கள், எல்லா பில்லிங் கணினிகளையும் ஒரே நேரத்தில் அச்சிடச் சொல்லுங்கள். பிறகு நான்காம் பகுதியில் செய்த பத்து வினாடிக் கணக்கை மறுபடி எடுத்து, முந்தைய எண்களோடு வைத்துப் பாருங்கள். ஸ்பூரியஸ் கோப்பில் கேட்பாரற்றவற்றின் எண்ணிக்கை ஏறாமல் நிற்க வேண்டும்.

பிறகு ஒரு முறை வேண்டுமென்றே மறுதொடக்கம் செய்யுங்கள். மோட்ப்ரோப் கட்டளையால் ஏற்றிய ட்ரைவர் தானாக ஏற வழி செய்யாமல் விட்டிருந்தால் இப்போதே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அடுத்த மின்வெட்டில், கடையில் தீபாவளிக் கூட்டம் நிற்கும்போது தெரியும்.

கடைசியாக, நல்ல நிலையில் எடுத்த ப்ராக்-இன்டரப்ட்ஸ் நகலை அச்சிட்டு, தேதியும் கெர்னல் பதிப்பும் எழுதி, ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து வருபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.